மேசைக் கணினி இறாக்கை ஏறிய வரலாறு

மனிதன் முதன்முதலில் தன் உடம்பையே அளவுகோலாகக் கொண்டான். விரலும் சாணும் முழமும் அவனுடைய ஆதி அளவைகள். ஆளுக்கு ஆள் முழம் வேறுபடும். ஆதலால் ஒரு தச்சன் செய்த கதவு மற்றொரு தச்சன் செய்த நிலைக்குப் பொருந்தாமற் போவதுண்டு. இத்தொல்லையிலிருந்து தப்பும்பொருட்டே ஊருக்குப் பொதுவான கோலும், நாட்டுக்குப் பொதுவான அளவும், ஈற்றில் உலகுக்குப் பொதுவான அளவும் தோன்றின. பொது அளவு ஒன்று நிலைபெற்றுவிட்டால், அதை வகுத்தவர் மறைந்த பின்னரும் அது மறைவதில்லை. எந்தப் பொருளுக்கென அது வகுக்கப்பட்டதோ அந்தப் பொருளே வழக்கொழிந்த பின்னரும் அளவு மாத்திரம் வாழ்ந்துகொண்டிருக்கும். அத்தகைய அளவுகளுள் ஒன்று 19 அங்குல இறாக்கை.

இன்று உலகின் செய்திகளையும் கடிதங்களையும் வங்கிக் கணக்குகளையும் பேணிக் காக்கும் கணினிகள், தரவு நிலையங்கள் எனப்படும் பெரிய கட்டடங்களில், இரும்பு இறாக்கைகளில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பலருக்கு ஒரே வேளையில் பணி செய்யும் இக்கணினிகளுக்குச் சேவர் என்பது உலகறிந்த பெயர். வீட்டு மேசையிலும் அலுவலக மேசையிலும் தனித்து வீற்றிருக்கும் கணினியோ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெட்டி மேசைக்கென அமைந்தது. இறாக்கையை நினைத்து எவரும் அதைச் செய்யவில்லை. எனினும் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சாதாரணப் பெட்டி இறாக்கையில் ஏறியும், ஏற முடியாமல் தவித்தும், தன் வடிவத்தையே துறந்தும் வந்துள்ளது. அவ்வரலாறு வெறும் இரும்பும் திருகாணியும் பற்றிய வரலாறு அன்று. குறைந்த பொருளைக் கொண்டு பெரிய காரியம் செய்ய முயன்றோரின் வரலாறும் ஆகும்.

இறாக்கையின் பிறப்பிடம் தொலைபேசி நிலையம். 1915 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆந் தேதி நியூயோர்க்கிலிருந்து அலெக்சாந்தர் கிரகாம் பெல் பேச, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அவருடைய பழைய உதவியாளர் தோமஸ் வாற்சன் மறுமொழி கூறினார். 3,000 மைலுக்கு மேற்பட்ட கம்பி வழியே செல்லும் குரல் இடையிலே தேய்ந்து அழிந்துபோகாமல், வழியில் ஆங்காங்கே அதற்கு வலுவூட்ட வேண்டியிருந்தது. அவ்வேலையைச் செய்தவை வெற்றிடக் குழாய்கள் பொருந்திய வலுவூட்டிகள். 1914 இல் வந்த முதல் வலுவூட்டிகளுக்கு ஒழுங்கான இருப்பிடம் இல்லை. சில மரப்பெட்டிகளில் இருந்தன. சில தட்டுகளில் இருந்தன. சில அலுமாரிகளில் இருந்தன. கைக்கு அகப்பட்ட இடத்தில் அவை வைக்கப்பட்டன என்றே சொல்லலாம்.

தொலைதூரப் பேச்சு பெருகப் பெருக இம்முறை தாங்கவில்லை. கட்டடத்தில் இடம் போதவில்லை. பழுது பார்ப்பதும் கடினமாயிற்று. ஆகவே ஏ.ரி. அன்ட் ரி. எனப்படும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பொறியியலாளர்கள், 1922 ஆம் ஆண்டளவில், அனைத்தையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தனர். எந்தக் கருவியாயினும் அதன் முகப்புத் தகடு 19 அங்குல அகலமுடையதாய் இருத்தல் வேண்டும். உயரம் எவ்வளவாயினும் அது 1¾ அங்குலத்தின் முழு மடங்காக இருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த விதி. இருபுறமும் துளையிட்ட இரண்டு நிமிர்ந்த இரும்புத் தூண்களும் நான்கு திருகாணிகளும் இருந்தால், எந்தத் தொழிற்சாலையிற் செய்த கருவியும் எந்த நகரத்து நிலையத்திலும் பொருந்தும் என்ற நிலை உண்டாயிற்று.

இவ்விதியின் நயம் எளிமையிலேயே உள்ளது. அகலம் மாறாது, உயரம் மாத்திரம் படிப்படியாகக் கூடும். 1¾ அங்குலமாகிய அந்த ஒரு படியையே இன்று ஓர் அலகு என்கின்றனர். அது 44.45 மில்லிமீற்றர். ஓரலகுக் கருவி, ஈரலகுக் கருவி, நாலலகுக் கருவி என்று பெயர் சொன்ன அளவிலேயே அது பிடிக்கும் இடம் எவ்வளவென்று விளங்கிவிடும். ஆளுயரத்தை விடச் சற்று உயர்ந்த வழக்கமான இறாக்கையில் 42 அலகுகள் உண்டு. அமெரிக்க இலத்திரனியற் கைத்தொழிற் சங்கம் இவ்வளவுகளை நியமமாக எழுதிவைத்தது. 1992 இல் வெளியான திருத்தம், ஓரலகுக்குள் அமையும் மூன்று துளைகளின் இடைவெளிகளைக்கூட மில்லிமீற்றரிற் பின்னம் வரை வரையறை செய்தது. கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 19 அங்குலம் என்பது முகப்புத் தகட்டின் அகலம். தூண்களுக்கிடையே கருவியின் உடல் நுழைவதற்கு எஞ்சும் வெளி 17¾ அங்குலமே. இந்த வேறுபாட்டை அறியாமல் பெட்டி வாங்கி ஏமாந்தோர் எந்நாட்டிலும் உளர்.

தொலைபேசிக்கு அமைந்த இறாக்கை கணினிக்கு வந்தமை இயல்பான நிகழ்ச்சியே. பிரித்தானியாவில், இரண்டாம் உலகப்போரின்போது பகைவரின் மறைமொழியை உடைப்பதற்காக ரொமி பிளவர்ஸ் அமைத்த கொலோசஸ் என்னும் பொறி, தபால் திணைக்களத்தின் தொலைபேசித் தொழிலறிவிலும் சட்டங்களிலும் உருவானது. 1948 ஜூன் 21 இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்தில் வைத்த செய்நிரலை முதன்முதலாக இயக்கிக் காட்டிய சிறிய கணினியும் தபால் திணைக்கள இறாக்கைகளிலேயே கட்டப்பட்டது. 1965 இல் டிஜிற்றல் இக்குயிப்மன்ற் நிறுவனம் வெளியிட்ட பி.டி.பி.-8 என்னும் சிறுகணினி இரு வடிவங்களிற் கிடைத்தது: ஒன்று மேசைமேல் வைப்பதற்கு; மற்றது இறாக்கையில் ஏற்றுவதற்கு. மேசையும் இறாக்கையும் ஒரே பொறிக்கு இரு வீடுகளாகலாம் என்பதை அன்றே அந்நிறுவனம் உணர்ந்திருந்தது.

ஆனால் பின்னர் வந்த தனியாள் கணினி இந்த உறவை மறந்தது. 1981 ஆகஸ்ற் 12 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் பெட்டி ஏறக்குறைய 20 அங்குல அகலமும் 5½ அங்குல உயரமும் உடையது. அதன் மீது காட்சித்திரையை வைப்பதே நோக்கம். தூண்களுக்கிடையே 17¾ அங்குலம் மாத்திரமே உள்ள இறாக்கைக்குள் அது எவ்வழியாலும் நுழையாது. அது தவறு அன்று. எழுத்தரின் மேசைக்கும் ஆசிரியரின் மேசைக்கும் செய்த பொருள், தொலைபேசி நிலையத்தின் அளவை ஏன் நினைக்க வேண்டும்? தொழிற்சாலைகளுக்கென 1980 களின் நடுப்பகுதியில் இறாக்கையிற் பொருந்தும் வடிவத்தையும் அதே நிறுவனம் செய்தது. எனினும் அது தனிவகையாகவே இருந்தது. உலகெங்கும் பெருகியது மேசைப் பெட்டியே. காலப்போக்கில் அது படுத்த நிலையை விட்டு நிமிர்ந்து, கோபுரம் போன்ற வடிவம் பெற்று, மேசையின் மேலிருந்து மேசையின் கீழே இறங்கியது.

இதற்கிடையில் அமைதியாக மற்றொரு பொது அளவு உருவாயிற்று. 1995 இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் தாய்ப்பலகை நியமத்தை வெளியிட்டது. பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அதன் திருகாணித் துளைகள் எங்கெங்கு அமைய வேண்டும், பின்புற இணைப்புகள் எங்கே வெளிப்பட வேண்டும், மின்வழங்கி எவ்வாறு பொருந்த வேண்டும் என்பன வரையறுக்கப்பட்டன. இதன் பயனாக ஒருவர் செய்த பலகை வேறொருவர் செய்த பெட்டியிற் பொருந்தியது, போட்டி பெருகியது, விலை வீழ்ந்தது. தொலைபேசி நிலையத்தின் பொது அளவும் மேசைக் கணினியின் பொது அளவும் ஒன்றையொன்று சந்திக்கும் காலம் நெருங்கிவந்தது.

அச்சந்திப்பை உண்டாக்கியது பணத் தட்டுப்பாடு. மிகப்பெரிய கணிப்புகளைச் செய்யும் மீக்கணினிகள் அந்நாளில் பல மில்லியன் டொலர் விலை பெற்றன. 1994 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் கொடார்ட் நிலையத்தில், தோமஸ் ஸ்ரேளிங், டொனால்ட் பெக்கர் ஆகிய இருவரும் சாதாரண மேசைக் கணினிகளுக்குரிய செயலிகள் 16 ஐ வலையமைப்பால் இணைத்து ஒரே கணினி போல இயங்கச் செய்தனர். பழைய ஆங்கிலக் காவியத் தலைவனின் பெயரால் அதற்குப் பியோவுல்ப் என்று பெயரிட்டனர். கடையில் வாங்கிய பகுதிகளைக் கொண்டே வலிமைமிக்க கணினியை ஆக்கலாம் என்ற செய்தி பல்கலைக்கழகங்களெங்கும் பரவியது.

இதிலும் எளிய நிலையிலிருந்து தொடங்கியோர் உளர். ரெனசி மாநிலத்தின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹாக்றோவ், பொறஸ்ற் ஹொப்மன் என்னும் ஆய்வாளர் இருவர், அமெரிக்க நிலப்பரப்பைச் சூழலியற் பிரிவுகளாக வகுக்க முயன்றனர். ஒவ்வொரு சதுரக் கிலோமீற்றரையும் தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்ததால், கணக்கில் வந்த கட்டங்கள் 78 இலட்சம். புதிய கணினித் தொகுதிக்கென அவர்கள் கேட்ட பணம் கிடைக்கவில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினிகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து, 1990 களின் பிற்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளைக் கொண்ட தொகுதியை அவர்கள் அமைத்தனர். அந்த நிலப்படம் அதிலேயே உருவாயிற்று. வெறுங் கல்லைப் பானையிலிட்டு, ஊரார் கொணர்ந்த காய்கறிகளைச் சேர்த்துச் சூப்புக் காய்ச்சிய வழிப்போக்கனின் ஐரோப்பிய நாட்டார் கதை ஒன்று உண்டு. அக்கதையை நினைவூட்டும் பெயரையே தம் கணினிக்கும் அவர்கள் சூட்டினர்.

கணினிகளைச் சேர்ப்பது எளிது. அவற்றை வைப்பதே கடினம். நூறு கோபுரப் பெட்டிகளைத் தரையிற் பரப்பினால் ஓர் அறை நிறையும். மேலும், வாடகைக்கு இடந்தரும் தரவு நிலையத்தில் ஒவ்வோரலகுக்கும் விலை உண்டு. ஆகவே மேசைப் பெட்டியை இறாக்கையில் ஏற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. அதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன.

முதலாவது வழி, பெட்டியை இருந்தபடியே தட்டில் வைப்பது. நடுத்தரக் கோபுரப் பெட்டியின் உயரம் பெரும்பாலும் 17 அங்குலத்தை அண்டியது. அகலம் 7 முதல் 8 அங்குலம் வரை. அதைப் பக்கவாட்டிற் சாய்த்துக் கிடத்தினால் 17¾ அங்குல வெளிக்குள் மயிரிழையில் நுழைந்துவிடும். அதன் 7 அங்குல அகலம் அப்போது உயரமாகி, சரியாக நாலலகு பிடிக்கும். சிறிது கூடினாலும் ஐந்தலகு வேண்டும். ஆனால் சாய்த்துக் கிடத்திய பெட்டியின் கீழ்ப்பக்கத்தில் காற்றுத் துளைகள் இருந்தால் அவை தட்டோடு ஒட்டி மூடப்படும். ஆதலால் முன்புறத்தாற் குளிர்காற்றை இழுத்துப் பின்புறத்தால் வெப்பக்காற்றைத் தள்ளும் பெட்டியே இதற்கு ஏற்றது. தரவு நிலையங்களின் குளிரூட்டலும் பெரும்பாலும் இந்த முன்பின் ஒழுங்கை நம்பியே அமைந்துள்ளது. ஒரு பெட்டி மாத்திரம் திசைமாறி ஊதினால், அது வெளிவிடும் வெப்பத்தை அயலிலுள்ள பெட்டி சுவாசிக்க நேரிடும்.

இவ்வழியில் மற்றொரு பிழையும் நிகழ்வதுண்டு. தட்டுக்குச் செலவிட மனமின்றிப் பெட்டியின் இருமருங்கிலும் காது எனப்படும் இரண்டு உலோகத் துண்டுகளைப் பொருத்தி, முன்தூண்களில் மாத்திரம் திருகாணியால் முடுக்கிவிடுவர் சிலர். இலேசான கருவிக்கு அது போதும். மின்வழங்கியும் வன்தட்டுகளும் நிறைந்த கணினியின் பாரமோ தூணுக்கு வெகு தூரத்தில், பின்னால் இருக்கிறது. நெம்புகோலின் நியாயப்படி அப்பாரம் பன்மடங்கு விசையாகி முன்னிருக்கும் சிறு காதைப் பிடித்து இழுக்கும். காது வளையும், பெட்டி பின்புறம் தொங்கும், கீழேயுள்ள கருவியின் மேல் ஈற்றில் அமரும். காது பெட்டியை நகராமற் பிடிப்பதற்கேயன்றிப் பாரஞ் சுமப்பதற்கு அன்று. பாரத்தைச் சுமக்க வேண்டியவை முன்தூணிலிருந்து பின்தூண் வரை செல்லும் தட்டும் தண்டவாளமுமே.

இரண்டாவது வழி, மேசைப் பெட்டியை விட்டுவிட்டு அதன் உள்ளுறுப்புகளை இறாக்கைக்கென அமைந்த பெட்டிக்கு மாற்றுவது. இங்கேதான் 1922 இன் அளவும் 1995 இன் அளவும் கைகோத்தன. ஏ.ரி.எக்ஸ். பலகையின் 305 மில்லிமீற்றர் நீளம் இறாக்கையின் அகலத்துக்குள் வசதியாக அடங்குகிறது. பலகையில் நிமிர்ந்து நிற்கும் முழு அட்டையொன்றின் உயரம் ஏறக்குறைய 107 மில்லிமீற்றர். நாலலகுப் பெட்டியின் 178 மில்லிமீற்றர் உயரத்துக்குள் அது தாராளமாக நிற்கும். 120 மில்லிமீற்றர் மின்விசிறியும் அதிற் பொருந்தும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே வேண்டிய காற்றைத் தரும். ஈரலகுப் பெட்டியில் உயரம் 89 மில்லிமீற்றர். அட்டையை நிமிர்த்த இயலாது. குட்டை அட்டை வேண்டும், அல்லது இடைக்கருவி கொண்டு அட்டையைப் படுக்கவைக்க வேண்டும். ஓரலகில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 40 மில்லிமீற்றர் விசிறிகள் மிகுந்த வேகத்திற் சுழன்று கூக்குரலிட்டால் மாத்திரமே செயலியின் வெப்பம் வெளியேறும். இடத்தைக் குறைத்தால் வேறெங்கோ அதன் விலையைக் கொடுத்தே தீரவேண்டும்.

மூன்றாவது வழி துணிச்சலானது: பெட்டியையே அறவே ஒழிப்பது. இதன் புகழ்பெற்ற உதாரணம் கூகிள் நிறுவனத்துக்குரியது. அதை நிறுவிய லறி பேஜ், சேர்ஜி பிறின் இருவரும் 1996 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, பத்து வன்தட்டுகளை வைப்பதற்குப் பிள்ளைகளின் விளையாட்டுச் செங்கட்டிகளாற் பெட்டி கட்டியவர்கள். 1998 இல் நிறுவனம் தோன்றியது. 1999 இல் பெருந்தொகைக் கணினிகள் தேவைப்பட்டன. தரவு நிலையங்கள் அந்நாளிற் பெரும்பாலும் தரைப்பரப்புக்கே வாடகை கேட்டன. ஆகவே ஒரே பரப்பில் எத்தனை கணினிகளை அடைக்கலாம் என்பதே கேள்வி. அவர்கள் உலோகத் தட்டொன்றின் மேல் தக்கைத் தாளை விரித்து, அதன் மேல் பெட்டியில்லாத நான்கு தாய்ப்பலகைகளை வைத்து, ஒரே மின்வழங்கியைப் பங்கிட்டுக் கொடுத்தனர். மின்சாரம் உலோகத்துக்குக் கசியாதவாறு தக்கை காத்தது. அத்தகைய தட்டுகளை நிறைத்த இறாக்கைகள் ஏறக்குறைய முப்பது செய்யப்பட்டன.

அம்முயற்சி குறையற்றதன்று. நெருக்கமாக அடுக்கியமையாற் பழுது பார்ப்பது பெருந்தொல்லையாயிற்று; சில கணினிகள் ஒருநாளும் இயங்கவேயில்லை. ஆயினும் அவர்கள் கணக்கு வேறு விதமானது. கெடாத கணினியைப் பெரும்பணங் கொடுத்துத் தேடுவதை விட, கெட்டுப்போகும் என்று தெரிந்தே பல மலிவான கணினிகளை வைத்து, ஒன்று கெட்டால் மற்றொன்று அதன் வேலையை ஏற்கும்படி செய்நிரலை எழுதுவது மேல் என்பதே அவர்கள் கண்ட வழி. அந்த இறாக்கைகளுள் ஒன்று இன்று கலிபோர்னியாவின் மவுன்ரின் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளது.

மேசைப் பெட்டிகளை அவ்வாறே ஏற்றிப் பெரும்புகழ் பெற்ற நிகழ்ச்சி 2003 இல், பிளாக்ஸ்பேர்க் நகரத்து வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கணினி விஞ்ஞானப் பேராசிரியர் சிறீநிதி வரதராஜன் தலைமையில், அப்பிள் நிறுவனத்தின் பவர் மக் ஜி5 என்னும் மேசைக் கணினிகள் 1,100 ஒருங்கே வாங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகள். பெட்டியின் உயரம் 20 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஆகவே அதை வழக்கமான இறாக்கையிற் சாய்த்து வைக்கவும் இயலாது. தனியே செய்வித்த இறாக்கைகளின் தட்டுகளில் அவை அடுக்கப்பட்டன. மாணவரும் தொண்டர்களும் பெட்டி பெட்டியாகச் சுமந்து ஏற்றினர். வெப்பத்தைப் போக்குவதற்குத் தனியான குளிரூட்டல் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 52 இலட்சம் டொலர் செலவில் அமைந்த அந்தத் தொகுதி, விநாடிக்குப் பத்து இலட்சங் கோடிக்கு மேற்பட்ட கணிப்புகளைச் செய்து, 2003 நவம்பர்ப் பட்டியலில் உலகின் மூன்றாவது வேகமான கணினியாக விளங்கியது. அதே பட்டியலில் முதலிடம் பெற்ற ஜப்பானின் பூமிப் பாவனைக் கணினிக்குப் பல நூறு மில்லியன் டொலர் செலவாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வெற்றியின் பெறுமதி விளங்கும்.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. மேசைக் கணினியின் நினைவகத்தில் ஒரு குறை இருந்தது. விண்வெளியிலிருந்து இடையறாது பொழியும் நுண்கதிர்களால் நினைவகத்தின் ஓர் இலக்கம் எப்போதாவது தானே புரண்டுவிடும். வீட்டுக் கணினியில் அது பல்லாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்தாலும் எவரும் கவனிப்பதில்லை. 1,100 கணினிகள் சேர்ந்து நாட்கணக்கில் ஒரே கணிப்பைச் செய்யும்போது, எங்கோ ஓரிடத்தில் ஓர் இலக்கம் புரள்வது அரிதான நிகழ்ச்சியன்று. ஈற்றில் வரும் விடையை நம்புவதெப்படி? பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகம் வேண்டும். அத்தகைய நினைவகம் அந்தப் பெட்டிகளில் இல்லை. ஆதலால் 2004 இல் அவை யாவும் கழற்றப்பட்டு, அப்பிள் நிறுவனமே இறாக்கைக்கெனச் செய்த ஓரலகு சேவர்கள் 1,100 அவ்விடத்தைப் பெற்றன. பிடித்த இடமும் வெகுவாகக் குறைந்தது. கழற்றிய மேசைக் கணினிகள் சாதாரண பாவனையாளருக்கு விற்கப்பட்டு, தாம் எங்கிருக்கப் பிறந்தனவோ அந்த மேசைகளுக்கே திரும்பின.

இந்நிகழ்ச்சியைத் தோல்வி என்போர் ஒரு பக்கத்தை மாத்திரம் பார்ப்போர். மேசைப் பெட்டிகள் கதவைத் திறந்தன. வழக்கமான பெரும்பணம் இல்லாத பல்கலைக்கழகம் ஒன்று உலகின் முன்வரிசையில் நிற்கலாம் என்பதைக் காட்டின. ஆனால் கதவைத் திறந்த பொருளே வீட்டைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எதற்கெனச் செய்தார்களோ அதைத் தாண்டி ஒரு பொருளிடம் வேலை வாங்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பொருத்தத்தை மாத்திரமன்றிக் கண்ணுக்குத் தெரியாத பொருத்தத்தையும் ஆராய வேண்டும். பெட்டி தட்டிற் பொருந்தியது. நினைவகம் பணியிற் பொருந்தவில்லை.

இதே பாடத்தை வேறொரு முகத்தாற் காட்டியது 2010 இல் நியூயோர்க் மாநிலத்தின் றோம் நகரில் அமெரிக்க விமானப்படை ஆய்வுகூடம் அமைத்த தொகுதி. அதில் 1,700 க்கு மேற்பட்ட பிளேஸ்ரேசன் 3 விளையாட்டுக் கருவிகள் இறாக்கைகளில் அடுக்கப்பட்டன. அவற்றின் செயலி வலிமைமிக்கது, விலையோ மலிவு. ஆனால் வேற்று இயக்குமுறைமையை நிறுவும் வசதியைச் சோனி நிறுவனம் 2009 இல் வெளிவந்த புதிய மாதிரியிலே சேர்க்கவில்லை. 2010 ஏப்ரலில் பழைய மாதிரிகளிலிருந்தும் புதுப்பித்தல் மூலம் நீக்கியது. அதன் பின்னர் கடையிற் புதிதாக வாங்கும் கருவி அந்தத் தொகுதிக்கு உதவாததாயிற்று. பிறர் வேறொரு நோக்கத்துக்குச் செய்த பொருளை நம்பிப் பெரிய அமைப்பைக் கட்டுவோர், நாளை அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்ற கேள்வியையும் இன்றே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

நாளடைவிற் பெட்டி மாத்திரமன்றி இறாக்கையும் மாறலாயிற்று. பேஸ்புக் நிறுவனம் 2011 இல் தொடங்கிய திறந்த கணினித் திட்டத்தின் கீழ், 2012 இல் புதிய இறாக்கை ஒன்று வகுக்கப்பட்டது. அதன் உள்வெளி 21 அங்குலம். அலகு 48 மில்லிமீற்றர். பெரிய விசிறிகளும் நல்ல காற்றோட்டமும் வேண்டுமென்பதே இதற்குக் காரணம். ஆயினும் அதன் வெளியகலத்தை அவர்கள் தரவு நிலையத் தரையின் பழைய வரிசைகளுக்குப் பொருந்தும்படியே வைத்தனர். 19 அங்குலக் கருவியை அதில் ஏற்றுவதற்கு இணைப்புச் சட்டங்களும் உண்டாயின. மேசைக் கணினிகளைச் செய்வோரும் இறாக்கையை மீண்டும் நினைத்தனர். 2019 இல் அப்பிள் நிறுவனம் தன் மக் புரோ கணினியைக் கோபுர வடிவிலும், ஐந்தலகு இறாக்கை வடிவிலும் அறிவித்தது. 1965 இல் பி.டி.பி.-8 காட்டிய வழி, அரை நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் ஒருமுறை நினைவுக்கு வந்தது.

1915 இன் வலுவூட்டிகள் இன்று நூதனசாலைகளில் உள்ளன. வெற்றிடக் குழாய்கள் தொலைபேசி நிலையங்களை விட்டு நீங்கிவிட்டன. அவற்றுக்கென வகுத்த 19 அங்குலமும் 1¾ அங்குலமும் மாத்திரம் எஞ்சி, அவற்றை வகுத்தோர் கனவிலும் கண்டிராத பொறிகளை இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்த அளவு எவருக்கும் தனியுடைமையன்று; ஆதலாற்றான் கழித்துவிட்ட கணினியைச் சேகரித்த ஆய்வாளரும் கோடிப் பொருள் படைத்த நிறுவனமும் ஒரே தூணில் ஒரே திருகாணியை முடுக்க முடிகிறது.

பழைய பெட்டியொன்றை இறாக்கையில் ஏற்ற விழையும் மாணவனுக்கு இவ்வரலாறு கூறுவது மிகையன்று. முதலில் அளந்து பார். பின்னர் காற்றுச் செல்லும் வழியைப் பார். பாரம் எங்கே தங்குகிறது என்று பார். ஈற்றாக, அந்தப் பொறியிடம் எதை ஒப்படைக்கப் போகின்றாய் என்று உன்னையே கேட்டுக்கொள். முதல் மூன்றுக்கும் அளவுகோலும் திருப்புளியும் விடை தரும். நான்காவதற்கு விடை தரவேண்டியவன் மனிதனே.